பருவ நிறைவுக் கடிதம்: சில நல்ல செய்திகள், ஒரு கவலை

அன்புள்ள பெற்றோர்களுக்கும் பாதுகாவலர்களுக்கும்,

வணக்கம்.

இரண்டாம் பருவம் இந்த வாரத்தோடு முடிகிறது. விளையாட்டு விழா நல்லபடியாக நடந்தது. அறிவியல் கண்காட்சிக்குப் பிள்ளைகள் நன்றாக உழைத்திருந்தார்கள். எரிமலை மாதிரிகள் இந்த ஆண்டும் தேவைக்கு அதிகமாகவே இருந்தன. பேச்சு, ஓவியம், வினாடி வினா போட்டிகளில் வென்றவர்களின் பெயர்கள் அறிவிப்புப் பலகையில் உள்ளன. தேர்வில் பெரும்பாலான வகுப்புகள் முன்னேறியிருக்கின்றன. கணக்கில் இன்னும் கொஞ்சம் கவனம் வேண்டும், அதை நீங்கள் மதிப்பெண் அட்டையிலேயே பார்த்திருப்பீர்கள். எல்லோருக்கும் பாராட்டுகள்.

சரி, இந்தக் கடிதத்தை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

சில வாரங்களாகப் பள்ளி விட்டதும் பின்வாசலில் மாணவர்கள் சிலர் கூட்டமாக நிற்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எட்டாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை படிப்பவர்கள். இங்கே படித்துவிட்டுப் போன பழைய மாணவர்கள் சிலரும் வந்து சேர்ந்துகொள்கிறார்கள். குழுவுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். மேசையிலும் புத்தகப் பையிலும் கிறுக்குவதற்கு ஓர் அடையாளம், வாட்ஸ்அப்பில் ஒரு குரூப், எல்லாம் உண்டு. சின்ன வகுப்புப் பிள்ளைகளை மிரட்டி எடுபிடி வேலை வாங்கியதும் நடந்திருக்கிறது. அண்மையில் இன்னொரு குழுவோடு கைகலப்பு வரை போனது. நல்லவேளையாக யாருக்கும் பெரிய காயமில்லை.

அதற்கு அடுத்த நாள் மாணவர்களின் பெயர்களும் புகைப்படங்களும் கொண்ட ஒரு பட்டியல் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் சுற்றத் தொடங்கியது. "நம்ம ஸ்கூல் கேங் இதுதான், உங்கள் பிள்ளைகளைத் தள்ளி வையுங்கள்" என்று தலைப்பு. அதில் இருப்பவர்களில் சிலருக்கு அந்தக் குழுவோடு எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஒரு பையன் செய்த குற்றம், பேருந்துக்காக அந்தப் பக்கம் நின்றது மட்டும்தான். இந்தப் பட்டியலைப் பற்றிக் கொஞ்சம் கழித்துப் பேசுகிறேன். முதலில், பிள்ளைகள் ஏன் இப்படிப்பட்ட குழுக்களில் போய்ச் சேருகிறார்கள், எப்படி வெளியே வருகிறார்கள் என்பதில் தெளிவாகத் தெரிந்த சில விஷயங்களைச் சொல்ல வேண்டும். கோபத்தில் நாம் எடுக்கும் முடிவுகள் பலவும் அதற்கு நேர் எதிராக இருக்கின்றன.

"கெட்ட பையன்கள் ஒன்று சேர்ந்தால் அதுதான் சார் கேங், இதில் ஆராய்ச்சி என்ன வேண்டிக்கிடக்கிறது" என்றார் ஒரு தந்தை. அவ்வளவு எளிதாக இருந்தால் என் வேலையும் எளிதாகிவிடும். இது நூறு ஆண்டுகளாக ஆராய்ந்து வரும் விஷயம். பிரெடரிக் த்ராஷர் என்ற சமூகவியலாளர் சிகாகோ நகரத்தில் 1,313 குழுக்களைப் பற்றிய தகவல்களைத் திரட்டி 1927இல் வெளியிட்டார். அவர் பார்த்த குழுக்கள் பெரும்பாலும் தெருவில் சேர்ந்து விளையாடிய பையன்களின் கூட்டமாகத் தானாகத் தொடங்கியவை. எதிர்ப்பு வந்தபோதுதான் அவை இறுகின. இன்னொரு கூட்டத்தோடு சண்டை வரும், அக்கம்பக்கத்துப் பெரியவர்கள் விரட்டுவார்கள், அதன் பிறகுதான் "நாம்", "அவர்கள்" என்ற கோடு விழும். பின்வாசலில் இப்போது நடந்துகொண்டிருப்பதும் ஏறக்குறைய இதுதான் என்று நினைக்கிறேன்.

சேர்ந்தவர்களிடமே காரணம் கேட்ட ஆய்வுகள் நிறைய உண்டு. திரும்பத் திரும்ப வரும் பதில்களில் நாம் பயப்படுகிற அளவுக்கு மர்மம் எதுவும் இல்லை. நண்பன் இருக்கிறான். அண்ணன் ஏற்கனவே அதில் இருக்கிறான். தனியாகப் போனால் அடிக்கிறார்கள், இவர்களோடு போனால் யாரும் தொடுவதில்லை. நாலு பேர் மதிக்கிறார்கள். ஜாலியாக இருக்கிறது. பணத்துக்காக என்று சொல்பவர்களும் உண்டு, ஆனால் பள்ளி வயதில் அது முதல் காரணமாக வருவது குறைவு.

இதில் பாதுகாப்பு என்ற பதிலைக் கொஞ்சம் கவனியுங்கள். பாதுகாப்புக்காகச் சேர்ந்தவர்கள், சேர்ந்த பிறகு முன்பைவிட அதிகமாக அடி வாங்குகிறார்கள் என்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. குழுவின் பழைய பகையெல்லாம் புதிதாகச் சேர்ந்த பையன் தலையிலும் விழுகிறது. ஆனால் அந்தப் பையனுக்கு அது அப்போது தெரிவதில்லை. அவனுக்குத் தெரிவதெல்லாம், நேற்று வரை கழிப்பறைப் பக்கம் போகவே பயந்தவன் இன்று தைரியமாகப் போகிறான் என்பதுதான். அவனிடம் போய் "கெட்ட சகவாசம் வேண்டாம்" என்று மட்டும் சொன்னால், கழிப்பறைப் பயத்துக்கு என்ன பதில்? அதைத் தீர்க்க வேண்டியது பள்ளி. அதனால்தான் இடைவேளைகளில் அங்கே ஆசிரியர்களை நிறுத்தியிருக்கிறோம்.

வயதும் ஒரு காரணம். பதின்மூன்றிலிருந்து பதினைந்து வரைதான் பிள்ளைகள் இப்படிப்பட்ட குழுக்களில் சேர்வது உச்சத்தில் இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர்கள் மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் 2005இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு அது. தனியாக ஆடும்போது எடுக்கும் ஆபத்துகளோடு ஒப்பிட்டால், தோழர்கள் பக்கத்தில் இருக்கும்போது பதின்பருவத்தினர் ஏறக்குறைய இரண்டு மடங்கு துணிந்து ஆபத்தில் இறங்கினார்கள். பெரியவர்களின் ஆட்டத்தில் அப்படி மாற்றம் வரவில்லை. வீட்டில் அமைதியாக இருக்கும் பிள்ளை வாசலில் வேறு ஆளாக நிற்பதை நம்ப முடியவில்லை என்று பல தாய்மார்கள் என்னிடம் சொன்னார்கள். இரண்டும் ஒரே பிள்ளைதான் அம்மா, நம்புங்கள்.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் இந்த இடத்தோடு கடிதத்தை மடித்துவிட வேண்டாம். மாணவர்களிடமே நேரடியாகக் கேட்ட கருத்தாய்வுகளில், குழுக்களில் பெண்களின் பங்கு காவல்துறைப் பதிவுகளில் தெரிவதைவிட வெகு அதிகமாக இருக்கிறது.

எல்லாப் பிள்ளைக்கும் ஒரே அளவு ஆபத்து என்றும் சொல்லிவிட முடியாது. சியாட்டில் நகரில் 1985இல் ஐந்தாம் வகுப்பில் இருந்த 808 மாணவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். படிப்பில் பின்தங்குவது, வீட்டில் குழப்பம், தொல்லையில் மாட்டும் நண்பர்கள், சுற்றுப்புறத்தில் எளிதில் கிடைக்கும் போதைப்பொருள் என்று பல காரணிகளைக் கணக்கில் எடுத்தார்கள். ஏழோ அதற்கு மேலோ காரணிகள் சேர்ந்திருந்த பிள்ளைகளுக்கு, ஒன்றுகூட இல்லாத அல்லது ஒன்றே ஒன்று இருந்த பிள்ளைகளைவிடக் குழுவில் சேரும் வாய்ப்பு 13 மடங்கு அதிகமாக இருந்தது. ஒரே ஒரு காரணத்தைப் பிடித்துக்கொண்டு "செல்போன்தான் கெடுத்தது", "அம்மா வேலைக்குப் போவதுதான் காரணம்" என்று தீர்ப்பு எழுதுவது சரியில்லை என்று நான் சொல்வது இதனால்தான். அந்தக் காரணிகளில் எங்கள் கையில் இருப்பது படிப்பு. வாசிப்பில் பின்தங்கியவர்களுக்கு மாலை வகுப்பு அடுத்த பருவத்தின் முதல் நாளிலிருந்து நடக்கும். யார் யார் வர வேண்டும் என்பதை வகுப்பாசிரியர்கள் உங்களிடம் தனியாகச் சொல்வார்கள்.

இனி வெளியே வருவது பற்றி. நல்ல செய்தி இருப்பது இங்கேதான், யாரும் பேசாததும் இதைத்தான்.

"ஒரு தடவை சேர்ந்துவிட்டால் வெளியே வர முடியாது, ரத்தம் சிந்தித்தான் வர வேண்டும்" என்று சினிமா நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. குழுக்களும் இதையேதான் சொல்லும், அப்படிச் சொல்வதில் அவற்றுக்கு லாபம் உண்டு. உண்மை வேறு. நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் 1988இலிருந்து சுமார் 1,000 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், குழுவில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் ஓராண்டு அல்லது அதற்கும் குறைவாகவே அதில் இருந்தார்கள். இன்னொன்றும் தெரிந்தது. ஒரே பையன், குழுவில் இல்லாத காலத்தைவிடக் குழுவில் இருந்த காலத்தில் மிக அதிகமாகத் தப்புச் செய்தான். விலகிய பிறகு அது மறுபடி குறைந்தது. பட்டியலில் இருக்கும் பையனின் பெற்றோர் இதை இன்னொரு முறை படித்துக்கொள்ளலாம்.

எப்படி விலகுகிறார்கள்? அரிசோனாவில் கைதான இளைஞர்களில் குழுவை விட்டு வந்தவர்களிடம் பேசி டேவிட் பைருஸ், ஸ்காட் டெக்கர் இருவரும் 2011இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பெரும்பாலோர் எந்தச் சடங்கும் இல்லாமல், அடிதடியும் இல்லாமல் சும்மா விலகி வந்தவர்கள். குடும்பம், வேலை என்று ஏதோ ஒன்று இழுத்ததால் வந்தவர்களில் ஒருவர்கூட அடி வாங்கி வெளியேறவில்லை. மற்றவர்கள் குழுவே கசந்துபோய் வந்தார்கள். நண்பன் குத்துப்பட்டான், நமக்கு ஒன்று என்றால் ஒருவனும் வரவில்லை, எந்நேரமும் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டியிருக்கிறது, போதும் என்றாகிவிட்டது. உயிருக்கு உயிர் என்று பேசியவர்கள் ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிப் பார்க்காததுதான் பல பையன்களை யோசிக்க வைத்திருக்கிறது.

இது ஒரே நாளில் நடப்பதும் இல்லை. முதலில் இரண்டு மாலை வர மாட்டான். அப்புறம் திரும்பப் போவான். குரூப்பில் இருப்பான், பேச மாட்டான். அங்கே இருக்கும் ஒருவன் இவனுக்குச் சின்ன வயதிலிருந்தே நண்பனாக இருப்பான், அவனோடு பேச்சு தொடரும். வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு "இன்னும் அவனுங்களோடதான் இருக்கிறான்" என்று தோன்றும். பாதி வழி வந்தவனை அங்கேயே நிறுத்தி, "நீ திருந்தவே மாட்டாய்" என்று சொல்லி, நாமே திருப்பி அனுப்பிவிடுகிறோம்.

ஒரு எச்சரிக்கை. பெரியவர்கள் நடத்தும் குற்றக் கும்பல், போதைப்பொருள், ஆயுதம், கடன் என்று போய்விட்டால் இந்த ஆறுதலான கணக்கு அங்கே செல்லாது. உங்கள் பிள்ளையை யாராவது பொட்டலம் கொண்டுபோகச் சொன்னாலோ, "விலகினால் உன் வீட்டுக்கு வருவோம்" என்று மிரட்டினாலோ, நீங்களாக சமாதானம் பேசப் போகாதீர்கள். அன்றைக்கே என்னிடமும் காவல்துறையிடமும் சொல்லுங்கள். எங்கள் பின்வாசலில் அந்த அளவுக்கு எதுவும் இதுவரை தெரியவில்லை. ஆனால் பழைய மாணவர்கள் வந்து நிற்பது எனக்குப் பிடிக்கவில்லை, அவர்களிடம் அதை நேரில் சொல்லிவிட்டேன்.

இப்போது உங்களில் சிலர் கேட்டவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

காவலர்களை வரவழைத்து, லாக்கப்பைக் காட்டிப் பயமுறுத்துங்கள் என்றார்கள். 1970களில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ராவே சிறைக்குப் பையன்களை அழைத்துப்போய், ஆயுள் கைதிகளை விட்டுக் கத்த வைத்துப் பயமுறுத்தும் திட்டம் ஒன்று ஆரம்பித்தது. பல இடங்களுக்குப் பரவியது. பிற்பாடு முறையாகச் சோதித்துப் பார்த்தபோது, அழைத்துப்போன பிள்ளைகள், போகாத பிள்ளைகளைவிட அதிகமாகக் குற்றங்களில் மாட்டியிருந்தார்கள். அதனால் வேண்டாம்.

வேறு சிலர் இதற்கு நேர்மாறாக, அன்போடு, அவர்கள் எல்லோரையும் ஒன்றாக உட்கார வைத்து ஒரு தனி கிளப் ஆரம்பியுங்கள் என்றார்கள். நல்ல எண்ணம்தான். 1960களில் லாஸ் ஏஞ்சலஸில் இதைத்தான் செய்தார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு சமூகப் பணியாளர், கூட்டம், விளையாட்டு, வெளியூர்ப் பயணம். மால்கம் க்ளைன் என்ற ஆய்வாளர் கணக்குப் பார்த்தபோது, குழுக்கள் இன்னும் இறுகியிருந்தன, குற்றங்கள் ஏறியிருந்தன. பிறகு இன்னோர் இடத்தில் அவரே குழுவாகச் செய்யும் எதையும் நிறுத்திவிட்டு, ஒவ்வொரு பையனுக்கும் தனித்தனியாக வேலை, படிப்பு என்று பார்த்தார். குழு தளர்ந்தது, குற்றங்களும் குறைந்தன. அதனால் நாங்களும் இவர்களைக் கூட்டமாக அழைத்துப் பேசப் போவதில்லை. மேடையில் பெயர் சொல்லித் திட்டவும் போவதில்லை, கும்பலாக முட்டி போட வைக்கவும் போவதில்லை. ஒவ்வொருவருக்கும் ஓர் ஆசிரியர் பொறுப்பு. ஒருவன் கால்பந்துக்குப் போகிறான். ஒருவன் ஆய்வகத்தில் உதவுகிறான், கண்காட்சியில் அவன் செய்த மின்சுற்றைப் பார்த்துவிட்டுப் பாராட்டியவர்களுக்கு அவன் யாரென்றே தெரியாது.

எல்லோரையும் பள்ளியை விட்டே அனுப்பிவிடுங்கள் என்று கையெழுத்துப் போட்ட மனுவும் வந்தது. படித்தேன். சின்னப் பிள்ளைகளை மிரட்டியவர்களுக்கும் கைநீட்டியவர்களுக்கும் விதிப்படி தண்டனை கொடுத்தாகிவிட்டது, அதில் நான் தயவு பார்க்கவில்லை. ஆனால் பள்ளியை விட்டு அனுப்பினால் அந்தப் பையனுக்கு நாள் முழுக்க இருக்க ஓர் இடம்தான் பாக்கி, அது எந்த இடம் என்று உங்களுக்கே தெரியும். லாஸ் ஏஞ்சலஸில் கிரெக் பாயில் என்ற பாதிரியார் 1988இல் தொடங்கிய முயற்சிதான் இன்று ஹோம்பாய் இண்டஸ்ட்ரீஸ் என்ற பெரிய நிறுவனமாக வளர்ந்திருக்கிறது. குழுக்களிலிருந்து வெளியே வருபவர்களுக்கு வேலை கொடுக்கிறார்கள், பயிற்சி கொடுக்கிறார்கள், உடம்பில் குத்திய குழுப் பச்சையை லேசர் வைத்து இலவசமாக அழித்தும் தருகிறார்கள். காரணம் இருக்கிறது. மனசு மாறி வந்தவனையும் ஊர் பழைய ஆளாகவே பார்க்கும். எதிர்க் குழுவும் அப்படித்தான் பார்க்கும், வேலை கொடுப்பவரும் அப்படித்தான் பார்ப்பார்.

அந்த வாட்ஸ்அப் பட்டியலுக்கு இப்போது வருகிறேன். இதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பதினான்கு வயதுப் பிள்ளையின் படத்தைப் போட்டு, கேங் என்று எழுதி, நூற்றுக்கணக்கான போன்களுக்கு அனுப்பியது தவறு. எதிர்க் குழுவின் கையில் அந்தப் பட்டியல் கிடைத்தால், பேருந்துக்கு நின்ற பையனையும் சேர்த்துத்தான் அடிப்பார்கள். பட்டியலில் இருக்கும் பையன்களில் சிலர் அதை ஒரு பட்டமாக எடுத்துக்கொண்டு, புரொஃபைல் படமாகவே வைத்திருக்கிறார்கள் என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டும். குழு செய்ய நினைத்த விளம்பரத்தை நாமே செய்து கொடுத்துவிட்டோம். அதை அனுப்பியவர்களும் பகிர்ந்தவர்களும் இன்றே அழித்துவிடுங்கள். இனி ஒரு மாணவரின் பெயரோ படமோ இப்படிச் சுற்றினால், அதைப் பள்ளி புகாராகவே எடுத்துச் செல்லும். அனுப்பியவர் யாராக இருந்தாலும் சரி.

அதே மூச்சில் இன்னொன்று. கைகலப்புக்குப் பிறகு விசாரிக்கக் கூப்பிட்டபோது, "என் பையன் ஆம்பளை சார், அடிச்சா திருப்பி அடிக்கத்தான் செய்வான், நான் பார்த்துக்கிறேன்" என்று பையன் முன்னாலேயே சொன்ன தந்தையர் உண்டு. அவன் முகத்தில் அப்போது வந்த சிரிப்பை நான் பார்த்தேன். ஒரு பருவம் முழுக்க ஆசிரியர்கள் சொன்னதை அந்த ஒரு வாக்கியம் கழுவி ஊற்றிவிட்டது. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

கடுமையாக எழுதிவிட்டேன். பிள்ளையைப் பற்றிய பயத்தில்தான் இவற்றையெல்லாம் செய்கிறீர்கள் என்பது எனக்குப் புரிகிறது. வேலை முடிந்து இரவு வீடு திரும்பும் உங்களால் மாலை நான்கு மணிக்கு வாசலில் வந்து நிற்க முடியாது. அதனால் முடிந்ததை மட்டும் கேட்கிறேன். பள்ளி விட்டதிலிருந்து வீடு சேரும் வரை உள்ள நேரத்தில் பிள்ளை எங்கே, யாரோடு என்பது தெரிந்திருக்கட்டும். விசாரணை மாதிரி வேண்டாம், சாதாரணமாகக் கேளுங்கள். நண்பர்களின் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள், முடிந்தால் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். புதிய போன், புதிய செருப்பு எங்கிருந்து வந்தது என்று கவனியுங்கள். "அவனோடு பேசாதே" என்று சொல்வதற்கு முன்னால், அவனுக்குப் பதிலாக யாரோடு பேசுவான், அந்த மாலையில் என்ன செய்வான் என்று யோசித்துக்கொள்ளுங்கள். மாமாவோ சித்தப்பாவோ வாரத்துக்கு இரண்டு மாலை தன் கடைக்கோ மைதானத்துக்கோ கூட்டிப்போனால்கூட அது பெரிய உதவி. விலகி வரும் பையனிடம் மற்றவர்களின் பெயரைச் சொல்லச் சொல்லி நெருக்காதீர்கள். அடித்து ராத்திரியில் வீட்டை விட்டுத் துரத்தாதீர்கள். கதவைத் திறந்து வைத்திருக்கும் வேறு இடம் அவனுக்கு ஒன்றுதான் தெரியும்.

பின்வாசல் அடுத்த பருவத்திலிருந்து பள்ளி விட்டு அரை மணி நேரத்தில் பூட்டப்படும். அதுவரை இரண்டு ஆசிரியர்கள் அங்கே இருப்பார்கள். பட்டியலில் பெயர் வந்த ஒவ்வொரு மாணவரின் பெற்றோரையும் நான் தனித்தனியாகச் சந்திக்கிறேன்; நேரத்தை அலுவலகத்திலிருந்து சொல்வார்கள். மற்றவர்களும் பேச விரும்பினால் வெள்ளிக்கிழமை மாலை என் அறைக்கு வரலாம், முன்கூட்டியே சொல்ல வேண்டியதில்லை.

இந்த விவகாரத்தில் தாங்களாகவே வந்து, "என் பையனும் அதில் இருக்கிறான் போலிருக்கிறது, என்ன செய்யலாம்" என்று கேட்ட பெற்றோர்களுக்கு என் மனமார்ந்த நன்றி. அப்படிக் கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். பட்டியல் சுற்றியபோது "இதை அழித்துவிடுங்கள்" என்று குழுவிலேயே எழுதிய அந்தத் தாய்க்கும், மாலையில் பின்வாசலில் நிற்கச் சம்பளம் எதுவும் இல்லாமல் ஒத்துக்கொண்ட ஆசிரியர்களுக்கும் நன்றி. விடுமுறை நல்லபடியாக அமையட்டும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்

பி.கு.: மதிப்பெண் அட்டையில் கையெழுத்திட்டு, பள்ளி திறக்கும் நாளில் கொடுத்தனுப்பவும். நூலகப் புத்தகங்களும் நிறைய பாக்கி இருக்கின்றன.